வீடு மாறுதலும் பற்று விடுதலும்

மனிதன் வாழ்நாளில் அடையும் சிறு துன்பங்களுள் வீடு மாறுதலும் ஒன்றாகும். பார்வைக்கு அது மிக எளிய காரியமே. ஓரிடத்திலுள்ள பொருள்களை எடுத்து மற்றோரிடத்தில் வைத்தல், அவ்வளவுதான். ஆயினும் அந்தச் சில நாட்களில் இல்லத்தில் எழும் கலக்கம் சிறிதன்று. கணவனும் மனைவியும் கடுஞ்சொல் பேசிக்கொள்கின்றனர். முதியோர் உண்ண மறுத்து மூலையில் அமர்கின்றனர். பிள்ளைகள் காரணமின்றி அடிபடுகின்றனர். பெட்டி தூக்கியதால் வந்த உடல் வலி ஓர் இரவு உறங்கினால் தீர்ந்துவிடும். மனத்தில் ஏறிய இச்சுமையோ புது வீட்டிலும் வந்து குடியேறிவிடுகிறது.

துன்பம் உண்டெனில் அதற்குக் காரணம் உண்டு. காரணத்தை நீக்கினால் துன்பம் நீங்கும் என்பது பகவான் புத்தர் உலகுக்கு அருளிய நெறி. பிறப்பு, மூப்பு, பிணி, சாவு ஆகிய பெருந்துன்பங்களுக்கு மட்டுமே அந்நெறி உரியது என்று எண்ணுதல் கூடாது. சமையலறைப் பாத்திரத்தைச் சாக்கில் கட்டும் வேளையிலும் அது நமக்குத் துணை நிற்க வேண்டும். நில்லாதாயின் அது ஏட்டளவில் நிற்கும் நெறியாகிவிடும்.

கோலார் தங்கவயல் மக்களுக்கு இப்பொருள் புதிதன்று. 1880-களில் சுரங்கங்கள் பெருகத் தொடங்கிய காலமுதல் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளுடன் வந்து, மூங்கில் தட்டிக் குடிசைகளிலும் பின்னர்க் கம்பெனி லைன் வீடுகளிலும் குடியேறினர். அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் கிளைவிட்டது. பின்னர், 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போனபின் பலர் பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் குடிபெயர்ந்தனர். மூன்று நான்கு தலைமுறைகளாக ஒரு லைன் வீட்டில் சேர்ந்த பொருள்களை நகரத்து இரண்டறை வாடகை வீட்டில் அடக்க வேண்டிய நிலை வந்தது. எதை எடுப்பது? எதை விடுவது? இக்கேள்வி இடவசதியைப் பற்றியதாகத் தோன்றினும், ஆராயுமிடத்து அறத்தைப் பற்றியதும் ஆகும்.

ஓர் ஆட்சேபம்

பொருளின்மேல் வைத்த பற்றே கலக்கத்துக்குக் காரணம் என்று கூறி இக்கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அப்படிக் கூறுமிடத்து நம்மவர் எழுப்பக்கூடிய ஆட்சேபம் ஒன்று உண்டு. அது நேர்மையான ஆட்சேபம். “பொருள் உள்ளவனிடம் பற்றை விடு என்று சொல்லுங்கள். தலைமுறை தலைமுறையாகப் பொருள் சேர்க்கவே விடாமல் தடுக்கப்பட்ட மக்களிடம் வந்து, அவர்கள் இப்போதுதான் வாங்கிய பித்தளைக் குடத்தின்மேல் பற்று வைக்காதீர்கள் என்பது நியாயமாகுமா?” என்பதே அது.

இவ்வாட்சேபத்தின் வலிமையை உணரச் சரித்திரத்தைச் சிறிது நோக்க வேண்டும். ஊருக்கு வெளியே வசிக்கவும், உடைந்த கலத்தில் உண்ணவும், பிணத்தின் ஆடையை உடுக்கவும், நாயும் கழுதையுமே தங்கள் செல்வமாகக் கொள்ளவும் மனுநூல் ஒரு பிரிவினர்க்கு விதித்தது. அது பழைய ஏட்டுச் செய்தி என்று தள்ளுவதற்கில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் வெள்ளி நகை அணியலாகாது, முழங்காலுக்குக் கீழ் ஆடை தொங்கலாகாது, சட்டை அணியலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது என்பன அவற்றுட் சில. வீட்டில் மட்பாண்டமன்றி வேறு பாத்திரம் புழங்கலாகாது என்பதும் அவ்வெட்டினுள் ஒன்று.

இத்தகைய நாட்டில் நம் பாட்டி வாங்கிய பித்தளைக் குடம் வெறும் குடமன்று. சட்டி புழங்கு என்று விதித்தவர்க்கு அவள் சொன்ன மறுமொழி அது. பரணிலுள்ள குடை, டிரங்குப் பெட்டியிலுள்ள கோட்டு, அடியில் பத்திரப்படுத்திய செருப்பு ஆகியவையும் அத்தகையனவே. ஆதலின் நம் இல்லங்களில் ஒரு பழம்பொருளை விட மறுக்கும் முதியவரைப் பார்த்து, ‘பற்று மிகுந்தவர்’ என்று இளைஞர் எள்ளி நகையாடுதல் பெரும் பிழை. முதலில் அப்பொருளின் வரலாற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

இல்லறத்தார்க்குரிய நெறி

பகவான் இல்லறத்தாரிடம் வறுமையைப் போற்றியதில்லை. தீகஜாணு என்னும் கோலிய குலத்தான் ஒருவன் அவரிடம் வந்து, மனைவி மக்களுடன் வாழ்ந்து, சந்தனம் பூசி, மாலை சூடி வாழும் தன்போன்றோர்க்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை தருவது யாதென வினவினான். அவர் அவனைத் துறவுக்கு அழைக்கவில்லை. ஊக்கத்துடன் உழைத்தல், அறவழியில் ஈட்டிய பொருளைக் காத்தல், நல்லோருடன் சேர்தல், வரவுக்கேற்ற செலவு செய்தல் ஆகிய நான்கையும் இம்மைக்கு உரியனவாக எடுத்துரைத்தார். கள்வர், நெருப்பு, வெள்ளம் இவற்றிலிருந்து பொருளைக் காப்பதும் உபாசகன் கடமை என்பது இதனால் விளங்கும். அநாதபிண்டிகருக்கு அவர் உபதேசித்த நால்வகை இன்பங்களுள், நேர்மையாய் ஈட்டிய பொருள் தன்னிடம் உண்டு என்னும் இன்பமும் ஒன்றாகும்.

எனவே, கண்ணாடிப் பாத்திரத்தைப் பழம்புடவையில் சுற்றி அட்டைப் பெட்டியில் கவனமாக வைத்தல் பற்றாகாது. அது பாதுகாப்பு என்னும் கடமை. அந்தப் பாத்திரம் உடைந்தவிடத்துச் சுமைகூலிக்கு வந்த ஏழைமேல் பாய்ந்து இழிசொல் கூறுவோமாயின், அங்கேதான் பற்று வெளிப்படுகிறது. காத்தல் கையின் தொழில். பற்றுதல் மனத்தின் நோய். கை கவனமாகவும் மனம் இலேசாகவும் இருத்தல் இயலும். அதுவே நாம் பயில வேண்டுவது.

இதற்கு நம் பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்வே சான்று. 1917-இல் அவர் இலண்டனிலிருந்து தாயகம் திரும்பியபோது, தனியே வேறொரு கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்கள் கப்பலோடு கடலில் மூழ்கின. போரில் பகைவர் எறிந்த வெடியால் நேர்ந்த இழப்பு அது. அரும்பாடுபட்டு, பசியைச் சுருக்கிச் சேர்த்த நூல்கள் அவை. அவர் சோர்ந்து அமரவில்லை. இனி நூல் சேர்ப்பதில்லை என்று நோன்பு கொள்ளவுமில்லை. மீண்டும் சேர்த்தார். பம்பாய் தாதரில் அவர் எழுப்பிய ‘ராஜகிருஹம்’ நூல்களுக்கென்றே எண்ணி எழுப்பிய இல்லமாக விளங்கியது. இழந்தால் எழுந்து நிற்பதும், பயனுடையதை மீண்டும் முயன்று பெறுவதும் பற்றின்மைக்கு மாறானவை அல்ல.

தெப்பத்தைச் சுமப்பவன்

அவ்வாறாயின் எல்லாவற்றையும் சுமந்து செல்லலாமா என்னும் வினா எழும். இதற்குப் பகவான் கூறிய தெப்பத்தின் உவமையை நினைவு கூர்வோம். வெள்ளத்தைக் கடக்கப் புல்லும் கிளையும் கட்டித் தெப்பம் அமைத்தான் ஒருவன். கரையேறியபின், ‘இது எனக்கு எவ்வளவு உதவியது!’ என்று அதைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தால் அவன் அறிவுடையவன் ஆவானா? தம்முடைய உபதேசத்துக்கே அவர் இவ்வுவமையைக் கூறினார் எனின், பரணிலுள்ள பொருள்களுக்கு இது பொருந்தும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நன்றியுணர்வு வேறு, சுமத்தல் வேறு. முன்பு உதவிய பொருளுக்கு நன்றி பாராட்டிப் பிறருக்கு அளித்துவிடலாம். இதில் ஆனந்தரின் வரலாறு நமக்கு வழிகாட்டி. உதேன மன்னனுடைய அந்தப்புரப் பெண்கள் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைத் தானம் செய்தனர். இத்தனை ஆடையை வைத்து இத்துறவி வாணிகம் செய்யப் போகிறாரோ என ஐயுற்ற மன்னன் நேரில் வந்து வினவினான். சீவரம் கிழிந்த பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் ஆனந்தர். பழைய சீவரங்களை என்ன செய்வீர் என்றான். மேல்விரிப்பாக்குவோம் என்றார். பழைய விரிப்பு மெத்தை உறையாகும். பழைய உறை தரைவிரிப்பாகும். அது கிழிந்தால் கால்துடைக்கும் துணியாகும். பின்னர்த் தூசி தட்டும் துணியாகும். அதுவும் நைந்தால் மண்ணுடன் பிசைந்து தரை மெழுகப்படும் என விடையளித்தார். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகள் அளித்தான்.

இவ்வரலாற்றைக் கையாளும் முறை எளிது. பொருள்களை மூன்றாகப் பகுக்க வேண்டும். புது வீட்டில் நாள்தோறும் பயன்படுவன எவை? நமக்குப் பயன்படாமல் பிறருக்குப் பயன்படுவன எவை? தம் கடமையை முடித்துவிட்டவை எவை? முதல்வகை பெட்டிக்குச் செல்லட்டும். இரண்டாம் வகையைக் குடிபெயர்வதற்கு இரு வாரங்களுக்கு முன்பே உரியவர் கையில் சேர்த்துவிட வேண்டும்; பள்ளிப் புத்தகம் படிக்கும் பிள்ளைக்கு, தொட்டில் அண்டைவீட்டுத் தாய்க்கு. கடைசி நாளில் வாசலில் எறிந்துவிட்டு அதற்குத் தானம் என்று பெயரிடுதல் தகாது. மூன்றாம் வகை துணியாயின், உடையும் பொருள்களைச் சுற்ற உதவும். பாட்டியின் குடம் எவ்வகை என்று கேட்பீராயின், அதை முடிவு செய்யும் உரிமை பாட்டிக்கே உண்டு என்போம்.

கட்டும் முறை

கட்டுவதிலும் ஒழுங்கு வேண்டும். ஓர் அறையை முடித்தபின் மறு அறையைத் தொடுதல். பெட்டியின்மேல் உள்ளிருப்பதை எழுதுதல். நூல்கள் கனமானவை ஆதலின் அவற்றைச் சிறு பெட்டிகளில் அடைத்தல். முதல் நாள் இரவுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, அடுப்பு, விளக்கு, மருந்து, மாற்றுடை ஆகியவற்றைத் தனியே ஒரு பெட்டியிலிட்டு லாரியில் கடைசியாக ஏற்றுதல். பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, கம்பெனி வேலைக்குரிய பழைய தாள்கள் முதலியவற்றை லாரிக்குத் தராமல் ஒருவர் தம் கைப்பையிலேயே வைத்திருத்தல் ஆகியவை போதும். ஒரு வேலையைச் செய்யும்போது அவ்வேலையிலேயே நினைவை நிறுத்துதலைப் பகவான் பெரிதும் வற்புறுத்தினார். பாதிக் கலக்கம், பாத்திரத்தைக் கட்டும்போது புத்தகத்தைப் பற்றியும், புத்தகத்தைக் கட்டும்போது லாரியைப் பற்றியும் எண்ணுவதால் விளைவதாகும்.

நாள் பார்த்தல் என்னும் வீண் சுமை மற்றொன்று. ஆடியில் ஆகாது, மார்கழியில் ஆகாது, இராகு காலம், எமகண்டம் என்று தள்ளித் தள்ளி, எஞ்சிய சில நாட்களில் ஊரார் அனைவரும் ஒரே லாரிக்கு ஓடுகின்றனர், வாடகையும் ஏறுகிறது. காசி நகரத்தார் ஒரு பெண்ணுக்கு நாள் குறித்தபின், நட்சத்திரம் நன்றாயில்லை என்று ஒருவன் சொல்லக் கேட்டு அன்று போகாதிருந்தனர். பெண் வீட்டார் காத்துப் பார்த்து அவளை வேறொருவனுக்கு மணமுடித்துவிட்டனர் என்கிறது ஜாதகக் கதை. உபாசகர்க்கு நல்ல நாள் என்பது பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும், உதவிக்கு நண்பர்களும், மழையில்லா வானமும் அமைந்த நாளேயாகும். பால் காய்ச்சி அனைவர்க்கும் அளிப்பது இன்முகம் காட்டும் வழக்கம், அதில் குறையில்லை. எந்த நாழிகையில் பொங்கினாலும் பால் பாலே.

விட்டுச் செல்லும் வீடு

வீடு மாறுவோர் பெரும்பாலும் புது வீட்டையே எண்ணுகின்றனர். புத்த சங்கத்தின் விநயமோ விட்டுச் செல்லும் இடத்தையே முதலில் எண்ணுகிறது. வெளியூர் புறப்படும் பிக்கு மரச்சாமான்களையும் மட்பாண்டங்களையும் ஒழுங்குசெய்து, கதவு சன்னல்களைச் சாத்தி, தம் உறைவிடத்தை மற்றொருவரிடம் ஒப்படைத்துச் செல்ல வேண்டும். ஒப்படைக்க எவருமில்லையாயின், நான்கு கற்களின்மேல் கட்டிலைத் தூக்கி வைத்து, அதன்மேல் படுக்கை முதலியவற்றை அடுக்கிவிட்டுப் போக வேண்டும். கூரை ஒழுகுமாயின், இயன்றால் அதைச் செப்பனிட வேண்டும். தாம் இனி அங்கே உறங்கப் போவதில்லை. ஆயினும் கட்டிலைக் கறையான் அரிக்கலாகாது. யாரென்று அறியாத ஒருவர் நாளை அதில் படுக்க வேண்டும் அன்றோ?

பற்றின்மையின் உண்மை வடிவம் இதுவே என்று நாம் கருதுகிறோம். ‘இனி இது என்னுடையதன்று’ என்று சொல்லிக் குப்பையைப் போட்டுவிட்டுப் போகிறவன் பற்றற்றவன் அல்லன்; ‘என்னுடையது’ என்னும் நினைவு இருந்தவரைக்குமே பேணியவன் அவன். தன்னுடையதாக இல்லாதபோதும் பேணுகிறவனே பற்றற்றவன். ஆதலின் வீட்டைப் பெருக்கி, சுவரிலுள்ள ஆணிகளைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடி, மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்த்து, அண்டை வீட்டாரிடம் விடைபெற்று, மனவருத்தம் உள்ளவரிடத்தும் இரண்டு நல்ல சொல் கூறிப் புறப்படுவோமாக. கடனில்லாமையும் பகவான் கூறிய நால்வகை இன்பங்களுள் ஒன்றாகும்.

பெட்டியின் அடியில் கிடக்கும் படம்

இனி, சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. நகரத்தில் வாடகை வீடு தேடுவோரிடம் சில வீட்டுக்காரர், ‘நீங்கள் என்ன ஆட்கள்?’ என்று வினவுகின்றனர். சிலர் நேரே வினவாமல் ஊரையும் உணவையும் கேட்டு அறிய முயல்கின்றனர். இதற்கு அஞ்சி, புது வீட்டில் பகவான் புத்தரின் சிலையைக் கூடத்தில் வைத்துவிட்டு, பாபாசாகேப்பின் படத்தை மட்டும் பெட்டியின் அடியிலேயே விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. புத்தர் சிலையை அழகுப் பொருள் என எவரும் எண்ணிக்கொள்வர். பாபாசாகேப்பின் படமோ நம்மை இன்னாரென்று அறிவித்துவிடும். வீடு மாறுதலில் உள்ள உண்மையான மனச்சுமை இப்பெட்டியிலேயே இருக்கிறது. லாரிக்காரன் இதை இறக்க மாட்டான்.

இவ்வச்சத்தைப் பாபாசாகேப் தாமே அறிந்தவர். 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் உயர்ந்த கல்வித் தகுதியுடன் பணியேற்கச் சென்ற அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சியர்க்குரிய விடுதியொன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். பதினோராம் நாள், தடிகளுடன் வந்த ஒரு கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டு, மாலைக்குள் வெளியேறும்படி மிரட்டியது. நண்பர் இருவரும் இடமளிக்கத் தயங்கினர். அவர் தம் பொருள்களுடன் வெளியேறி, பொதுப் பூங்காவில் காத்திருந்து, இரவு இரயிலேறிப் பம்பாய் சேர்ந்தார். அவ்வரலாற்றைப் பிற்காலத்தில் மறைக்காமல் எழுதியும் வைத்தார்.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவன இரண்டு. வேற்றுப் பெயரில் தங்க நேர்ந்தவரை நாம் பழிக்கலாகாது. நடுத்தெருவில் பிள்ளைகளுடன் நிற்கும் அச்சம் எத்தகையதென்பது நின்றவர்க்கே தெரியும். குற்றம் வீடு தர மறுப்பவனைச் சார்ந்தது. ஒருவனை அவன் இருப்பிடத்திலிருந்து துரத்திவிட்டு அவனிடமே பற்றின்மையைப் போதிப்பது தம்மம் ஆகாது. துரத்தப்பட்டவன் மனஅமைதிக்காக வாய்மூடி இருக்கக் கடமைப்பட்டவனும் அல்லன். அநீதியை எதிர்த்து நிற்றலும் அறமே. ஆயினும் மறைத்து வாழும் வீட்டில் மனம் அமைதி காண்பதில்லை என்பதையும் நாம் உணர்தல் வேண்டும். எவனேனும் பெயரை அறிந்துவிடுவானோ என்று நாள்தோறும் நடுங்குபவன் எத்தனை நாளாயினும் அங்கே குடியேறியவன் ஆகான்.

ஆதலின் ஒருவரையொருவர் தனியே விடாதிருத்தல் நம் சங்கங்களின் கடமை. பரோடாவில் அந்த மாலையில் ஒரு வீட்டின் கதவு திறந்திருந்தால் போதுமே! நகரத்தில் முன்பே குடியேறியவர் பின்வருவோர்க்கு வீடு தேடித் தரட்டும். வேற்றுமை பாராத வீட்டுக்காரரை அறிமுகம் செய்யட்டும். இடம் கிடைக்கும்வரை தம் கூடத்தில் பாய் விரித்து இடமளிக்கட்டும். பஞ்சசீலம் ஏற்ற நாம் வினவுவோர்க்கு, ‘நாங்கள் பௌத்தர்’ என்று நிமிர்ந்து சொல்வது பொய்யுமன்று, பணிவின்மையும் அன்று. நாம் நெஞ்சறிந்து ஏற்ற பெயர் அது. அவ்விடையால் ஒரு வீடு கைநழுவுமாயின் மற்றொன்றைத் தேட நாலு பேர் உடன்வர வேண்டும். அவ்வாறு உடன்வருவோர் இருந்தால் படம் பெட்டியின் அடியில் நெடுநாள் கிடவாது.

பழைய தெய்வப் படங்களைப் பற்றியும் ஒரு சொல். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளை ஏற்ற இல்லங்களிலும், வயது முதிர்ந்த தாயார் தம் பழைய படம் ஒன்றை விடாதிருத்தல் உண்டு. வீடு மாறும் குழப்பத்தில் அவரறியாமல் அதைக் குப்பையில் எறிந்துவிடுதல் வெற்றியன்று; தாயாரை வஞ்சித்ததேயாகும். மறைவாய்ச் செய்வது எத்தரப்பினர்க்கும் அறமாகாது. தம்மம் ‘வந்து பார்’ என்று அழைப்பது, வலிந்து பறிப்பதன்று.

சுருங்கக் கூறின், பயனுள்ளதைக் கவனமாகக் காத்தும், பயன் முடிந்ததை நன்றியுடன் அளித்தும், விட்டுச் செல்லும் இடத்தை வருவோர்க்காகத் துப்புரவு செய்தும், புகும் இடத்தில் மறைவின்றி வாழ்ந்தும், பின்வருவோர்க்குக் கதவு திறந்தும் வீடு மாறுவோமாயின், பெட்டிகள் எத்தனையாயினும் சுமை சிறிதே. எல்லாரும் இன்புற்றிருப்பாராக. வீடற்றோர் வீடு பெறுவாராக.